மலைப்பாம்புக்கு எத்தனை அடிக் கூண்டு? – வாசகர் கேள்வி பதில்

செல்லப்பிராணிகள் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரிய மலைப்பாம்புகளின் கூண்டு பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்குத் தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் பிரிட்டனிலிருந்தும், சில கனடா, மலேசியாவிலிருந்தும், ஒன்று கோவையிலிருந்தும் வந்தவை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆகவே வேறு ஊருக்கான பதிலைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

ஹாரோ, லண்டன் வாசகி: என் மகனுக்கு 19 வயது. பர்மிய மலைப்பாம்புக் குட்டி வாங்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். குட்டி இரண்டடிதான் இருக்கிறது. மூன்றடிக் கண்ணாடித் தொட்டி போதும், வளர வளர மாற்றிக்கொள்ளலாம் என்று விற்கிறவர் சொல்கிறாராம். சரியா?

மூன்றடித் தொட்டி சில மாதங்களுக்குப் போதும். அதற்கப்புறம்தான் சிக்கல். முட்டையிலிருந்து வரும்போது 50, 60 செ.மீ. இருக்கும் பர்மிய மலைப்பாம்பு, நன்றாக இரை கிடைத்தால் இரண்டே வருடத்தில் 2.5 முதல் 3 மீட்டரைத் தொட்டுவிடும். முழுதாக வளர்ந்த பெண் பாம்பு 4 மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். எடை 40 கிலோவுக்கு மேல் போகும். ஆண் கொஞ்சம் சிறியது. ஆயுள் 20 வருடத்துக்கும் அதிகம். இன்று 19 வயதுப் பையன் நாற்பதைத் தொடும்போதும் அந்தப் பாம்பு வீட்டில் இருக்கலாம்.

வளர்ந்த பர்மிய மலைப்பாம்புக்கு மிகக் குறைந்த அளவு என்று பலரும் ஏற்பது 8 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி உயரம். கூண்டின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் பாம்பின் நீளமாவது வர வேண்டும் என்பது பழைய கணக்கு. நாங்கள் அதோடு நிற்க மாட்டோம். ஏதாவது ஒரு பக்கத்தில் பாம்பு உடம்பை நேராக நீட்டிப் படுக்க முடிய வேண்டும். பாம்பு எந்நேரமும் சுருண்டேதான் கிடக்கும் என்பது, நீட்ட இடமே இல்லாத கூண்டுகளைப் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை. ஜெர்மனியில் 1997-இல் வந்த அரசு வழிகாட்டி, கூண்டின் நீள அகல உயரத்தைப் பாம்பின் உடல் நீளத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. பாம்பு வளர்ந்தால் கூண்டும் வளர வேண்டும் என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது.

உங்கள் வீட்டை வைத்துப் பார்ப்போம். அந்தக் குறைந்தபட்ச 8×4 அடியே ஏறக்குறைய 3 சதுர மீட்டர். இங்கிலாந்தில் பலர் பகிர்ந்து வாழும் வாடகை வீடுகளில் ஒரு ஆள் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது உரிம விதி. அப்படி ஒரு அறையில் பாதியைக் கூண்டே எடுத்துக்கொள்ளும். கதவைத் திறக்க, பாம்பைத் தூக்க, தண்ணீர்த் தொட்டியை வெளியே இழுக்க மீதிப் பாதியும் வேண்டும். ஆக ஒரு அறையையே ஒதுக்க முடியுமா என்பதுதான் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி. முடியாது என்றால் கார்பெட் மலைப்பாம்பைப் பாருங்கள். பெரும்பாலும் 6 முதல் 8 அடியில் நின்றுவிடும். இன்னும் சிறியது வேண்டுமென்றால் பால் பைத்தான் (ball python) இருக்கிறது, நாலடி, ஐந்தடிக்கு மேல் போகாது.

பிரிட்டனில் மலைப்பாம்பு வளர்க்கத் தனி உரிமம் தேவையில்லை. 1976-ஆம் ஆண்டின் ஆபத்தான வனவிலங்குச் சட்டப் பட்டியலில் இருப்பவை விஷப்பாம்புகள். மலைப்பாம்பு அதில் இல்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். பொருத்தமான இடம் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை என்று அது சொல்கிறது.

எல்லாம் யோசித்த பிறகும் வாங்குவதாக இருந்தால் கூண்டுக்கு இரண்டு முறை மட்டும் செலவழியுங்கள். குட்டிக்கு 90×45 செ.மீ. அல்லது 120×60 செ.மீ. ஒன்று. ஐந்தடி, ஆறடியைத் தொட்டதும் நேராகப் பெரிய கூண்டு. நடுவில் நாலு கூண்டு மாற்றினால் கடைசிக் கூண்டின் விலையை விட அதிகம் போய்விடும். இன்னொன்று, பெரிய கூண்டை முதலில் கட்டி முடித்து இரண்டு வாரம் வெப்பத்தைச் சரிபார்த்த பிறகு பாம்பை மாற்றுங்கள். பாம்பு வளர்ந்து நிற்கும்போது அவசரத்தில் கட்டும் கூண்டு எதுவும் ஒழுங்காக அமைவதில்லை.

லெஸ்டர் வாசகர்: 10 அடி பர்மிய மலைப்பாம்புக்கு நானே கூண்டு செய்யப் போகிறேன். மெலமைன் ஒட்டிய சிப்போர்டு மலிவாகக் கிடைக்கிறது. ப்ளைவுட் விலை அதிகம். எதில் செய்வது?

சிப்போர்டு வேண்டாம். மேலே பளபளப்பாக இருந்தாலும் வெட்டிய விளிம்பும் திருகு இறங்கும் ஓட்டையும் உள்ளே மரத்தூள்தான். மலைப்பாம்புக் கூண்டில் ஈரப்பதம் எப்போதும் 60 சதவீதத்துக்குக் குறையாது. தண்ணீர்த் தொட்டியில் 40 கிலோ உடம்பு இறங்கினால் தண்ணீர் வழியும். அந்த ஈரம் விளிம்பில் ஏறிப் பலகை ஊதும். ஊதிய பலகையில் திருகு பிடிக்காது. ஒரு நாள் கதவின் தண்டவாளம் கையோடு வந்துவிடும்.

18 மி.மீ. ப்ளைவுட் வாங்குங்கள். அதில் ஒரு வசதி உண்டு. தகடே 8×4 அடியில்தான் வருகிறது. தரைக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, வெட்டாமலே ஆயிற்று. உயரம் 2 அடி என்றால் மூன்றாவது தகட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பின்சுவராக வையுங்கள். மறுபாதியை நடுவில் வெட்டினால் இரண்டு பக்கச் சுவர். மூன்று தகட்டில் பெட்டி முடிந்தது. உயரம் இரண்டரை, மூன்றடி வேண்டுமென்றால் நாலாவது தகடு தேவைப்படும். உங்கள் பாம்புக்கு மூன்றடி நல்லது. கூரையில் ஹீட்டர் வந்தால் பாம்பின் முதுகுக்கும் அதற்கும் நடுவே இடம் வேண்டும்.

பூச்சில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உள்பக்கம் முழுவதும், வெட்டு விளிம்புகள் உட்பட, தண்ணீர் சார்ந்த பாலியூரித்தேன் அல்லது இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி மூன்று கோட் அடியுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து வைத்து இரண்டு வாரம் ஆற விடுங்கள். தலையை உள்ளே நீட்டி முகர்ந்தால் பெயிண்ட் வாசனை சிறிதும் இருக்கக் கூடாது. தரைக்கு மட்டும் அதன்மேல் ஒட்டுப்போடாத ஒரே வினைல் விரிப்பைப் போட்டு, நாலு பக்கமும் சுவர்மேல் 5 செ.மீ. ஏற்றி ஒட்டுங்கள். மூலையில் மீன்தொட்டிக்கான சிலிக்கோன் பூசுங்கள். குளியலறை சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி மருந்து இருக்கும், அது கூடாது. தரை இப்படி ஒரு தட்டுபோல அமைந்தால் மூத்திரம் பலகைக்கு இறங்காது.

பிவிசி நுரைத்தகடும் நல்ல பொருள். எடை குறைவு, துடைத்தால் போதும், அழுகாது. ஆனால் 8 அடி நீளத்துக்கு 10 மி.மீ. தகடு நடுவில் தொய்யும். கூரையில் மாட்டிய ஹீட்டரின் திருகும் நாளடைவில் தளரும். நடுவில் அலுமினிய ஆங்கிள் கொடுத்து, திருகை அதில் இறக்குங்கள்.

எடையையும் கணக்குப் போட்டுவிடுவோம். ப்ளைவுட் தகடு ஒன்று 30 முதல் 35 கிலோ. நாலு தகடு 130 கிலோ. 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ, முன்பக்கத்துக்கு 25 கிலோ வரும். தண்ணீர் 50 கிலோ, பாம்பு 40 கிலோ. மொத்தம் 250 கிலோ தொடும். பிரிட்டன் வீடுகளின் மரத்தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கக் கணக்கிடப்படுகிறது. 3 சதுர மீட்டரில் பரவலாக உட்கார்ந்தால் தாங்கும். நாலு காலில் நிறுத்தினால் பாரம் நாலு புள்ளியில் இறங்கும், அது ஆகாது. முழு நீளத்துக்கும் கட்டைச் சட்டம் கொடுத்து, தளத்து உத்திரங்களுக்குக் குறுக்காக, சுவரோரமாக வையுங்கள். மாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கூண்டு வைக்காதீர்கள். தரைத்தளத்துக் கான்கிரீட் கிடைத்தால் அதை விட நல்ல இடமில்லை.

மேலே திறக்கும் மூடி மட்டும் வைக்க வேண்டாம். பாம்புக்கு மேலிருந்து வரும் கை எதிரியின் பிடி மாதிரி. உங்களுக்கும் 40 கிலோவை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி எடுப்பது முதுகை முறிக்கும் வேலை. கதவு முன்பக்கம்தான் இருக்க வேண்டும்.

பர்மிங்ஹாம் வாசகர்: ஏழடிப் பாம்பு. நகரும் கண்ணாடிக் கதவு, பூட்டும் போட்டிருக்கிறேன். ஆனாலும் இரண்டு முறை இரவில் வெளியே வந்துவிட்டது. பூட்டு திறக்கவே இல்லை. எப்படி வந்திருக்கும்?

இரண்டு வழிகளில் ஒன்று. கண்ணாடி மேல் அசையும் பல்பூட்டு, இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நடுப்பகுதியை மட்டும் பிடிக்கிறது. ஓரத்தை அது பிடிப்பதில்லை. நகரும் கண்ணாடியை மாட்டுவதற்காகவே மேல் தண்டவாளத்தின் பள்ளம் ஆழமாக இருக்கும். மேலே தூக்கி, கீழே இறக்கி மாட்டியிருப்பீர்கள். பாம்பும் அதையே செய்கிறது. மூக்கை அடியில் கொடுத்து நெம்பினால் கண்ணாடி ஒரு செ.மீ. எழும்பி, கீழ்ப் பள்ளத்தை விட்டு வெளியே நழுவும். இன்னொன்று, கண்ணாடி மெல்லியதாக இருந்தால் நடுவில் வளைந்து, இரண்டு கண்ணாடிக்கும் இடையே சந்து விழும். பாம்பின் தலை நுழைந்தால் உடம்பு வந்துவிடும்.

இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். கதவைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு கண்ணாடியின் அடியை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். 5 மி.மீ. அசைந்தாலும் அதுதான் வழி. பாம்பு இரவெல்லாம் அதே இடத்தில் முட்டிக்கொண்டிருக்கும், அதற்கு வேறு வேலையில்லை.

இப்போதைக்கு, கண்ணாடியை மாட்டிய பிறகு மேல் பள்ளத்தில் எஞ்சிய இடைவெளியில் மரச்சீவல் அல்லது பிவிசி பட்டையை இறுக்கமாகச் செருகுங்கள், கண்ணாடி எழும்பாது. 6 மி.மீ. டஃபன்டு கண்ணாடிக்குக் குறைவாக இருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு கண்ணாடி 4 அடிக்கு மேல் நீளமாக இருக்க வேண்டாம். பாம்பு பத்தடியைத் தாண்டும்போது நகரும் கண்ணாடியையே விட்டுவிட்டு, மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்த கீல் கதவுக்கு மாறுங்கள். ஒவ்வொரு கதவிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சாவிப் பூட்டு வேண்டும். நடுவில் ஒரே தாழ்ப்பாள் வைத்தால் கீழ் மூலை வளையும்.

காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். கிளிப் போட்டு மாட்டும் ப்ளாஸ்டிக் மூடிகளை நம்பாதீர்கள். துளையிட்ட உலோகத் தகட்டை வெளிப்பக்கம் வைத்து, போல்ட் கொடுத்து நட்டால் இறுக்குங்கள். கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் கேம்ப்பெல்டனில் 2013 ஆகஸ்ட் மாதம், ஒரு குடியிருப்பில் வைத்திருந்த ஆப்பிரிக்க மலைப்பாம்பு காற்றோட்டக் குழாய் வழியே தப்பி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. 20 கிலோவுக்கு மேற்பட்ட பாம்பு அது. கதவில் எத்தனை பூட்டு போட்டாலும் குழாயின் வாய் மூடியிருக்காவிட்டால் கூண்டு திறந்தே கிடக்கிறது என்றுதான் பொருள். உங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த அறையின் கதவுக்கும் ஒரு பூட்டு, தானாக மூடும் ஸ்பிரிங், கதவடிச் சந்துக்குப் பட்டை மூன்றும் கட்டாயம். குழாய்கள் சுவரில் நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். கூண்டு ஒரு நாள் தோற்றால் அறை பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஈஸ்ட் ஹாம் வாசகர்: பாம்பின் வயிற்றுச் செதில்களில் சிவப்பாகக் கொப்புளம் மாதிரி வந்திருக்கிறது. கீழே ஹீட் மேட் இருக்கிறது, தெர்மோஸ்டாட்டும் உண்டு. 31 டிகிரிக்குமேல் காட்டியதே இல்லை. கூண்டைச் சூடாக்க மின்கட்டணம் எவ்வளவு ஆகும்?

முதலில் மேட்டைப் பிடுங்கிவிட்டு, தரையில் வெள்ளைத் தாள் விரித்துப் பாம்பைப் படுக்க வைத்து, இன்றே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள், வெண்ணெய், தீப்புண் களிம்பு எதையும் தடவாதீர்கள். ஈரத்தால் வரும் செதில் அழுகலும் இதே மாதிரிதான் தெரியும். எது என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

தீப்புண்ணாக இருந்தால் நடந்தது இதுதான். ஹீட் மேட் தன் சூட்டைக் காற்றுக்கு விட்டுக்கொண்டே இருக்கும்படி செய்யப்பட்டது. சிறு பாம்பு அதன்மேல் படுத்தால் சூடு ஓரத்தில் வெளியேறும். 20 கிலோ உடம்பு படுத்தால் போர்வை போட்டு மூடியது மாதிரி. அடியில் சூடு ஏறிக்கொண்டே போகும். தெர்மோஸ்டாட்டின் உணரி ஒரு அடி தள்ளி இருந்தால் அதற்கு 31 டிகிரிதான் தெரியும், மின்சாரத்தை நிறுத்தாது. பாம்பு சுட்டதும் உடனே விலகாது. மனிதக் கை மாதிரி அது சட்டென்று இழுத்துக்கொள்வதில்லை.

பெரிய மலைப்பாம்புக்குச் சூடு மேலிருந்துதான் வர வேண்டும். கூரையில் ஒரு ஓரமாக 100 முதல் 150 வாட் ரேடியண்ட் ஹீட் பேனல் மாட்டுங்கள். தட்டையானது, வெளிச்சம் வராது, பாம்பு சுற்றிக்கொள்ள முடியாது. ஹாலஜன் விளக்கு போடுவதானால் ஒன்று மட்டும் போடாதீர்கள். ஒற்றை விளக்கு உள்ளங்கை அளவு வட்டத்தைத்தான் சூடாக்கும். முதுகில் அந்த இடம் வெந்துகொண்டிருக்க மீதி உடம்பு குளிரில் கிடக்கும். உடம்பு முழுதும் சூடேறவில்லை என்று பாம்பும் அங்கேயே கிடக்கும். குறைந்த வாட் விளக்குகள் இரண்டு மூன்றை வரிசையாகப் போட்டுச் சூட்டைப் பரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் கம்பிக்கூடு வேண்டும்.

சூடான பக்கம் 31, 32 டிகிரி. குளிர்ந்த பக்கம் 26, 27. இரவில் 24-க்குக் கீழே போகக் கூடாது. உணரியைப் பேனலுக்கு நேர்கீழே, பாம்பின் முதுகு வரும் உயரத்தில் சுவரில் திருகி வையுங்கள். ஒட்டுநாடாவில் ஒட்டினால் பாம்பு பிய்த்துக் கீழே தள்ளும். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த உணரி ‘குளிர்கிறது’ என்று சொல்ல, ஹீட்டர் நிற்காமல் எரியும். அதற்காகவே இன்னொரு தெர்மோஸ்டாட்டை 2 டிகிரி கூடுதலாக வைத்து வரிசையில் இணைப்பது நல்லது, ஒன்று பழுதானால் மற்றது மின்சாரத்தைத் துண்டிக்கும். வாரம் ஒரு முறை அகச்சிவப்பு வெப்பமானியால் தரையையும், பாம்பு படுக்கும் இடத்தையும், பேனலின் கீழையும் அளந்து எழுதி வையுங்கள்.

மின்கட்டணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மொத்தம் 300 வாட் ஹீட்டர்கள் நாளில் பாதி நேரம் எரிந்தால் 3.6 யூனிட், மாதத்துக்கு 108. யூனிட் 25 பென்ஸ் என்றால் 27 பவுண்டு. ப்ளைவுட் கூரைக்கு மேலே 25 மி.மீ. காப்பு நுரைப்பலகை ஒட்டினால் இது குறையும், மின்சாரம் போன இரவிலும் சூடு சீக்கிரம் இறங்காது.

குரோய்டன் வாசகர்: கூண்டு 10 அடி. இரண்டு மலைப்பாம்பை ஒன்றாக விடலாமா?

வேண்டாம். அவற்றுக்குத் துணை தேவையில்லை. சூடான இடத்தைப் பெரியது பிடித்துக்கொள்ளும். இரை கொடுக்கும் நேரத்தில் ஒரே முயலை இரண்டும் கவ்வினால் ஒன்று மற்றதைச் சுற்றிவிடும். எது நோயுற்றது, யாருடைய எச்சம் என்றும் தெரியாது.

கிளாஸ்கோ வாசகி: சட்டை துண்டு துண்டாக உரிகிறது. ஈரப்பதம் ஏற வேண்டும் என்று காற்றுத் துவாரங்களை டேப் போட்டு அடைத்திருக்கிறேன். இப்போது கூண்டில் வாடை அடிக்கிறது.

டேப்பை எடுத்துவிடுங்கள். தேங்கிய ஈரக்காற்று மூச்சுக்குழாய்த் தொற்றைக் கொண்டுவரும். பாம்பு வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ மூக்கில் நுரை தெரிந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். குளிர்காலத்தில் ரேடியேட்டர் ஓடும் வீடு வறண்டு போகும் என்பது உண்மை. ஆனால் ஈரம் காற்றில் வர வேண்டும், பாம்பின் வயிற்றுக்கடியில் வரக் கூடாது.

தேங்காய்மட்டைத் துண்டு அல்லது சைப்ரஸ் மரச்சீவல் போடுங்கள். 8×4 தரையில் 5 செ.மீ. கனத்துக்குச் சுமார் 150 லிட்டர் வேண்டும். தூவினால் மேல்பரப்புதான் நனையும். ஆகவே மூலைகளில் தண்ணீரை ஊற்றி, அடியில் ஊறி மேலே காய்ந்திருக்கும்படி விடுங்கள். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. தேவதாரு வகை மரச்சீவலைப் போடாதீர்கள், அதன் எண்ணெய் மூச்சுக்கு ஆகாது. துவாரம் குளிர்ந்த பக்கம் கீழேயும், சூடான பக்கம் மேலேயும் இருந்தால் காற்று தானே ஓடும். தண்ணீர்த் தொட்டியை நடுவுக்கு நகர்த்துங்கள். ஈரமானி 60, 70 சதவீதம் காட்டினால் போதும். ஒட்டிய சட்டைக்கு, மூடியுள்ள பெரிய ப்ளாஸ்டிக் பெட்டியில் வெதுவெதுப்பான ஈரத்துண்டுகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் விட்டால் பெரும்பாலும் தானே உருவிக்கொள்ளும். கண்மேல் ஒட்டியிருப்பதை மட்டும் நகத்தால் பிய்க்காதீர்கள், கண் போய்விடும்.

கிள்ளான், மலேசியா வாசகர்: 12 அடி ரெட்டிக்குலேட்டட் மலைப்பாம்பு. நம் ஊருக்குச் சூடு வேண்டியதில்லையே, கார் நிறுத்தும் இடத்தில் கம்பிக்கூண்டில் வைக்கலாமா?

முதலில் மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இந்தப் பாம்பு பாதுகாக்கப்பட்ட இனம்.

ஹீட்டர் வேண்டாம் என்பது சரிதான். உங்களுக்குப் பிரச்சினை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஜிங்க் கூரைக்குக் கீழே மாலை வெயில் அடித்தால் கூண்டு 40 டிகிரியைத் தொடும். ஓடி ஒளிய இடமில்லாத பாம்பு அந்தச் சூட்டில் ஒரே பிற்பகலில் செத்துவிடும். வீட்டுக்குள், மேற்குச் சுவரில்லாத அறையில் வையுங்கள். கம்பிவலையும் வேண்டாம். இந்த இனம் வழி தேடி வலையில் மூக்கை இரவு முழுவதும் தேய்த்துக்கொண்டே இருக்கும், மேலுதடு கிழிந்து எலும்பு தெரியும் அளவுக்குப் போகும். துளையிட்ட அலுமினியத் தகடு அல்லது பிவிசி தகடு போடுங்கள். முன்கண்ணாடியின் அடிப்பக்கம் ஒரு அடிக்கு வெளியிலிருந்து கறுப்புத்தாள் ஒட்டினாலே முட்டுவது பாதி குறையும்.

பர்மிய மலைப்பாம்பை விட இது நன்றாக ஏறும். உயரம் 4 அடி கொடுத்து, ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பரண் அமையுங்கள். உங்கள் எடைக்கு ஒரு ஆள் அதன்மேல் உட்கார்ந்தால் தாங்க வேண்டும், அதுதான் சோதனை. கூண்டின் கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சட்டை உரிக்கும் பாம்பை எறும்பு மொய்க்கும்.

ஸ்கார்பரோ, டொராண்டோ வாசகர்: 8×4 கூண்டு தயார். இங்கே பர்மிய மலைப்பாம்பு வாங்கலாமா?

கூடாது. வளர்ந்தால் 3 மீட்டரைத் தாண்டும் பாம்பினங்களை டொராண்டோ மாநகர விதி தடை செய்கிறது. குட்டி இரண்டடிதான் என்பது செல்லாது, இனத்தின் வளர்ந்த நீளம்தான் கணக்கு. அந்தக் கூண்டில் பாதியைத் தடுத்தாலே ஒரு பால் பைத்தானுக்குத் தாராளமான வீடு. ஆனால் ஒளியும் இடம் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவே கிளைகளும் இலைமறைப்பும் வேண்டும். வெட்டவெளியாகப் பெரிதாக இருந்தால் அது பயந்து இரை எடுக்காது.

கோவை வாசகர்: தோட்டத்தில் பிடித்த மலைப்பாம்புக் குட்டியை வளர்க்க ஆசை. எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்?

எந்தக் கூண்டும் வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். நம் ஊர் மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. குட்டியைத் தனியாக வெகுதூரம் கொண்டுபோய் விடவும் வேண்டாம். வெளிநாட்டு இனங்களுக்கு 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம். ரசீதும் பதிவும் இல்லாமல் யாராவது பால் பைத்தான் விற்றால் அது பெரும்பாலும் விமானத்தில் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்ததாக இருக்கும், வாங்காதீர்கள்.

வெம்பிளி வாசகி: கணவர் வேலைக்குப் போனபிறகு 13 அடிப் பாம்பின் கூண்டை நான் தனியாகச் சுத்தம் செய்கிறேன். பயமாகவே இருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

அந்தப் பயம் நியாயமானது. எட்டடியைத் தாண்டிய மலைப்பாம்பின் கூண்டை யாரும் தனியாகத் திறக்கக் கூடாது. நம் வீடுகளில் இது பெண்கள் தலையில் விழும் வேலையாகிவிடுகிறது. உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். அவர் வீட்டில் இருக்கும் நேரத்துக்குச் சுத்தம் செய்வதை மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் வெளியே திறக்கும் வடிகால் வால்வு வைத்துவிட்டால், தினமும் கதவைத் திறக்காமலே பழைய தண்ணீரை இறக்கிவிடலாம்.

கூண்டுக்குள் பூட்டும் பெட்டி ஒன்று செய்யுங்கள். உயிரியல் பூங்காக்களில் பெரிய பாம்புகளை இப்படித்தான் கையாள்கிறார்கள். ப்ளைவுட்டில் 100 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். பாம்பு அதையே தன் ஒளிவிடமாக எடுத்துக்கொள்ளும். நுழைவாய் 20 செ.மீ. அதன்மேல் பள்ளத்தில் இறங்கும் பலகைக் கதவு. அந்தப் பலகையின் கைப்பிடித் தண்டு கூண்டின் கூரை வழியாக வெளியே வர வேண்டும். பாம்பு உள்ளே போய்ச் சுருண்டதும் வெளியிலிருந்தே தண்டை இறக்கி, ஊசித் தாழ் போட்டுவிடுங்கள். வால் முழுதும் உள்ளே இருக்கிறதா என்று கண்ணாடி வழியே பார்த்த பிறகே பலகையை இறக்குங்கள். பெட்டியின் கூரையும் தாழ் போட்டதாக இருக்கட்டும். காற்றுக்குப் பக்கத்தில் சிறு துளைகள் போதும். இதற்குப் பிறகு கூண்டைத் திறந்து நிம்மதியாகத் துடைக்கலாம். அப்போதும் வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும்.

இரைக்கு வேறு பெட்டி வேண்டாம். வேறு பெட்டியில் கொடுத்தால் இரை தின்ற கனத்த பாம்பை, இன்னும் பசிவெறி அடங்காத நேரத்தில், கையில் தூக்கித் திரும்ப வைக்க வேண்டியிருக்கும். கூண்டுக்குள்ளேயே நீளமான இடுக்கியால் கொடுங்கள், பிறகு இரண்டு நாள் தொடாதீர்கள். சுத்தம் செய்யத் திறக்கும்போது பாம்புக்கொக்கியால் உடம்பின் நடுவில் மெல்லத் தொடுங்கள். ‘இது இரை இல்லை’ என்று சில வாரங்களில் பழகிவிடும். முயலைத் தொட்ட கையோடு, முயல் வாசனை உள்ள சட்டையோடு கதவைத் திறக்கவே கூடாது. கடித்துச் சுற்றிவிட்டால் தலையைப் பிடித்து இழுக்காமல், மற்றவர் வால் நுனியிலிருந்து சுற்றைப் பிரிக்க வேண்டும். வலு குறைந்த பக்கம் அதுதான்.

கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியிலோ குளியல் தொட்டியிலோ கழுவாதீர்கள். ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அது ஆபத்து. கழுவ ஒரு தனி வாளி வையுங்கள், அழுக்கை முதலில் சோப்பில் தேய்த்து நீக்கிவிட்டு மருத்துவரிடம் கிடைக்கும் கிருமிநாசினியைப் போத்தலில் குறித்த அளவில் கலந்து தெளியுங்கள். பத்து நிமிடம் விட்டு அலசி, முழுதாகக் காய்ந்த பிறகு பலகையை மேலே இழுத்துப் பாம்பைத் திறந்துவிடுங்கள். இழுத்ததும் கூண்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.